மழைக் கதைக்கு வந்த பஞ்சாயத்து

என் கதைகளில் பாதிக்கு மேல் பட்டாசு லேபிள்களின் முதுகில் எழுதப்பட்டவை. என் கணவர் சிவகாசியில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறார். வருடத்தில் பாதி நாள் பட்டாசுப் பெட்டிக்கான லேபிள், மீதி நாள் தினசரி காலண்டர். மிஷினை ஓட்ட ஆரம்பித்ததும் நான்கு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை கொஞ்சம் தாள் வீணாகும். அதில் மயிலுக்கு இரண்டு கழுத்து இருக்கும். ராக்கெட்டுக்குப் பக்கத்திலேயே அதன் ஆவி பறக்கும். மறுபக்கம் மட்டும் சுத்தமான வெள்ளை. அந்தத் தாள்களை அளவாக வெட்டி, கிளிப் மாட்டி, வாரம் ஒருமுறை எனக்குக் கொண்டு வந்து தருவார். கல்யாணமான புதிதில் மல்லிகைப்பூ வாங்கி வந்தவர்தான். பூ சாயங்காலத்துக்குள் வாடிவிடும், தாள் வாடாது என்பதால் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

எழுதும் நேரம் காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு. ஏழு மணிக்குள் தெருமுனையில் தொழிற்சாலை வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஒன்பது மணிக்குக் கணவர் கிளம்பிவிடுவார். பத்து மணிக்கு என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். நான் சாப்பாட்டு மேஜையில் ஒரு ஓரத்தைத் துடைத்துவிட்டு எழுத உட்காருவேன். அடுப்பில் குக்கர் இருக்கும். ஒருமுறை செவ்வாய்க் கிரகத்தில் இரண்டு பேருக்கு மூச்சுக்காற்று தீர்ந்துகொண்டிருந்த மும்முரத்தில் விசிலை எண்ண மறந்துவிட்டேன். மத்தியானம் சாம்பாரை வாயில் வைத்த கணவர் நிமிர்ந்து பார்த்து, "இன்னைக்குக் கதையில யாரு செத்தா?" என்று கேட்டார். இரண்டு பேரும் செத்துத்தான் போயிருந்தார்கள்.

நடக்காததை எழுதுவதுதான் என் வேலை. சாத்தூரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே விருதுநகர் வந்து சேர்ந்துவிடும் பஸ், இரண்டு நிழல் உள்ள மனிதர்கள், தன் வயதை அடுத்தவருக்குக் கடன் கொடுக்கும் கிழவி, இந்த மாதிரி. பத்திரிகைக்காரர்கள் இதற்கு அறிபுனை, மிகுபுனை என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். அத்தைக்கு அந்தச் சிரமமெல்லாம் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எங்க மருமக ஆகாசத்துக் கதை எழுதுவா" என்று சொல்லிவிடுவார். அதைக் கேட்ட ஒரு அம்மாள், அடுத்த வாரம் மகனுடைய ஜாதகத்தை மஞ்சள் பைக்குள் வைத்துக் கொண்டு வந்தார். நான் சோசியம் பார்ப்பதில்லை, கதைதான் எழுதுகிறேன் என்று விளக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பரவால்லம்மா, தெரிஞ்ச வரைக்கும் பாருங்க" என்று ஜாதகத்தை நீட்டினார்.

இப்படி நிம்மதியாக, யாரும் வாசிக்காமல், எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மழைக் கதையால்தான் வந்தது வினை.

அதைச் சித்திரை மாதத்தில் எழுதினேன். மின்விசிறி அனல் காற்றை இறைத்துக்கொண்டிருந்தது. மேஜையில் கை வைத்தால் சுட்டது. ஒரு மழை பெய்யாதா என்ற ஆசையில் எழுத உட்கார்ந்தேன். கை கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது. கதையில் பட்டாசு செய்கிற ஓர் ஊர். அங்கே புரட்டாசியில் பிடித்த மழை மூன்று வருடம் விடாமல் பெய்கிறது. முதலில் குடை பிடிக்கிறார்கள், பிறகு படகு கட்டுகிறார்கள். அதற்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்குக் காதின் பின்னால் மீனைப் போலச் செவுள் இருக்கிறது. கம்பெனிகள் தண்ணீருக்குள் வெடிக்கும் வெடி தயாரிக்கத் தொடங்குகின்றன. கடைசியில் ஒரு சிறுமி வானத்தைப் பார்த்து, "மழை நின்றுவிட்டால் நாம் எப்படி மூச்சு விடுவது?" என்று கேட்கிறாள். அத்தோடு கதை முடிந்துவிடும்.

சிற்றிதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். அவர்கள் ஆற அமர, புரட்டாசியில் வெளியிட்டார்கள். வழக்கமாக என் கதைக்கு ஒரு கடிதம் வரும். எழுதுகிறவர் ஒற்றுப்பிழைகளை மட்டும் பட்டியல் போட்டு அனுப்புவார். இந்தத் தடவை என் கொழுந்தனார் ஆர்வக்கோளாறில் பக்கங்களைப் படம் பிடித்து, "எங்க மதினி எழுதுன கதை, எல்லாரும் வாசிங்க" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். அந்தக் குழுவில் இருக்கிறவர்களில் பாதிப்பேர் பட்டாசு, மீதிப்பேர் பட்டாசுக்கு அட்டை, திரி, லாரி. எல்லாரும் கும்பிடும் கை போட்டார்கள். ஒருவரும் வாசிக்கவில்லை. கீழேயே யாரோ தங்கள் பிள்ளையின் பிறந்தநாள் கேக் படத்தைப் போட, வாழ்த்துகள் அந்தப் பக்கம் போய்விட்டன.

மூன்றாம் நாள் மழை பிடித்தது.

மற்ற ஊர்களில் மழை வந்தால் பஜ்ஜி போடுவார்களாம். எங்கள் தெருவில் தீபாவளி சீசனில் மழை வந்தால் ஆளாளுக்கு வாசலில் நின்று வானத்தைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். செய்த சரக்கு வெயிலில் காய வேண்டும். இடி இடித்தால் தொழிற்சாலையில் வேலையை நிறுத்தியாக வேண்டும். அச்சகத்திலும் வம்புதான், ஈரக்காற்றில் தாள் உப்பிக்கொள்ளும். இரண்டாம் நாள் மழையில் நனைந்து வந்த கணவர், "தாளெல்லாம் அப்பளம் மாதிரி வளையுது. மயிலுக்கு மூணாவது கழுத்தும் வந்துருச்சு" என்றார்.

நான்காம் நாளும் மழை விடாததால் வீட்டில் முடங்கிக்கிடந்த யாரோ ஒருவர் குழுவில் பழைய செய்திகளைப் புரட்டியிருக்கிறார். "மதினி கதையில மூணு வருசம் பெய்யுதாமே?" என்று ஒரு கேள்வி விழுந்தது. அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் குடும்பமே வாசித்து முடித்துவிட்டது. இருபது வருடமாக எழுதுகிறேன், ஒரே நாளில் இத்தனை பேர் என் கதையை வாசித்ததில்லை. சின்ன மாமியார் ஒருவர் குரலிலேயே பேசி அனுப்பினார். "ஏம்மா, நம்ம ஊர எதுக்கு எழுதுன? வேற ஊரு கெடைக்கலையா ஒனக்கு? கோயமுத்தூர்ல பெய்ய வச்சா என்ன?"

ஐந்தாம் நாள் பெரிய மாமா வீட்டுக்கு வந்தார்.

பெரிய மாமா என்றால் என் கணவரின் பெரியப்பா. என் மாமனார் போன பிறகு குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் அவர்தான். சாத்தூர் சாலையில் பட்டாசுத் தொழிற்சாலை வைத்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, அதிராத குரல். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவர் பேசியது பெரும்பாலும், "சாப்பிட்டியாம்மா?" என்ற ஒரே கேள்விதான். யார் வீட்டுக்குப் போனாலும் செல்போனை வாசலிலேயே செருப்பு அலமாரிமேல் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அந்தப் பழக்கம் அவரோடு எல்லா வீட்டுக்கும் வரும்.

குடையை மடக்கி ஓரமாகச் சாத்தினார். நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தை காபி கொண்டு வந்து வைத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "கதெய வாசிச்சேன்" என்றார்.

"எப்படி இருந்துச்சு மாமா?"

"மளை நிக்கலயேம்மா."

"ஆமா மாமா. அது கதைதான..."

"கடேசில நின்னுரும்னு பாத்தேன். நிக்கலை. சரி, அடுத்த பக்கத்துல நிக்கும்னு தள்ளுனா, யாரோ புள்ளையோட பொறந்தநாள் கேக்கு வந்துருச்சு."

"அது திறந்த முடிவு மாமா. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு வாசிக்கிறவுக நெனச்சுக்கிடட்டும்னு விட்டுட்டேன்."

பெரிய மாமா ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. "தொறந்து விட்டா மளை உள்ள வரத்தானம்மா செய்யும்? அதெ மூடு."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. அவர் முகத்தில் சிரிப்பில்லை. "மாமா, நீங்க இதெல்லாம் நம்புறீகளா?" என்று கேட்டுவிட்டேன்.

"நானா? நான் கெமிஸ்ட்ரி படிச்சவம்மா. நம்பிக்கையாவது ஒண்ணாவது. சொல்லி வைக்கேன், அம்புட்டுதான். கரண்டு போனா ஈ.பி. ஆபீசுல ஒரு வார்த்தை சொல்லி வைக்கோம்ல, அது மாதிரி." காபியை முடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். "லோடு கெடக்குதேன்னுகூட நான் சொல்லலை. இடி உறுமுனா ஆளுகள வேன்ல ஏத்தி வீட்டுக்கு அனுப்பிருதேன். இந்த வாரம் பூரா அரை நாள், அரை நாள் கூலியாத்தான் போயிருக்கு. அவுகளுக்கும் தீவாளி வருதுல்ல."

"பாக்குறேன் மாமா" என்றேன். அவர் போன பிறகு அத்தை காபி தம்ளரை எடுத்துக்கொண்டே, "ரெண்டு வரிதான? சோறு வேகுறதுக்குள்ள எழுதிப்புடலாமே" என்றார்.

சரி, எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். சிறு பத்திரிகையில் ஒரு கதைக்கு இரண்டாம் பாகம் வரக்கூடாது என்று சட்டமா இருக்கிறது? புதுத் தாளை எடுத்து, "மழை நின்றது" என்று முதல் வரி எழுதினேன். முற்றுப்புள்ளி வைக்கப்போகும்போது போன் அடித்தது. என் அப்பா.

அப்பா சாத்தூருக்குத் தெற்கே கரிசல் காட்டில் விவசாயம் செய்கிறார். வானம் பார்த்த பூமி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் போன் பண்ணுவார், அன்றைக்கு வியாழக்கிழமை. யாருக்கு என்னவோ என்று பதறிப்போய் எடுத்தேன்.

"ஏ தாயி, தம்பி ஒன் கதெய வாசிச்சுக் காட்டுனான்."

தம்பிக்கும் என் கொழுந்தனாருக்கும் சிநேகம் உண்டு. வாட்ஸப்பில் அந்தக் கதை கரிசல் காடு வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்பா என் கதையைப் பற்றிப் பேசுவது அதுதான் முதல் தடவை. "எப்படிப்பா இருந்துச்சு?"

"நல்ல மளை" என்றார் அப்பா.

அதைவிடப் பெரிய பாராட்டை இதுவரை நான் வாங்கியதில்லை.

"மக்காச்சோளம் வெரல் ஒசரம் மொளைச்சு நிக்கு தாயி. உளுந்தும் பளுதில்லை. போன வருசம் வெதைச்சதெல்லாம் குருவிக்குத்தான் போச்சு. இந்த வருசம் பாக்கவே குளிர்ச்சியா இருக்கு." கொஞ்சம் தயங்கினார். "அங்கன மளையெ நிறுத்தச் சொல்லி ஒன்னையக் கேக்காகளாமே?"

"சும்மா வெளையாட்டுக்குப்பா."

"வெளையாட்டுக்குக்கூட நிறுத்திராத. மூணு வருசமெல்லாம் வேண்டாம், அளுகிப் போகும். கார்த்திகை வரைக்கும் இருக்கட்டும். நடுவுல நடுவுல ரெண்டு நாள் வெயில் விட்டுக் குடு, களை எடுக்கணும்ல."

நான் போனை வைத்துவிட்டு "மழை நின்றது" என்பதைக் கோடு போட்டு அடித்தேன்.

எனக்கு இதிலெல்லாம் ஒரு துளி நம்பிக்கை கிடையாது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். காற்றழுத்தத் தாழ்வு என்றால் என்ன, அது எங்கே உருவாகும் என்றெல்லாம் இந்தக் கதைக்காகவே படித்திருந்தேன். என் கதைக்கும் வங்கக் கடலுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அடுத்த மூன்று நாள் காலை பத்தரைக்கு உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. மழை நின்றது என்று எழுதப்போனால் விரல் உயரச் சோளம் கண்ணுக்குள் வாடியது. மழை தொடர்ந்தது என்று எழுதப்போனால் அரை நாளில் வீடு திரும்பும் வேன் ஜன்னலில் பெண்களின் முகங்கள் வந்தன. "மழை" என்று எழுதி ஒரு காற்புள்ளி வைத்துவிட்டு எழுந்துபோய்க் கீரை ஆய்ந்தேன்.

வீட்டிலும் விடவில்லை. அத்தை வடகத்துக்கு மாவு கிளறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர், "நாளைக்கு எப்பிடி, வெயில் அடிக்குமா?" என்று என்னிடம் கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"சரி, சொல்ல விருப்பமில்லைன்னா விடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெருவில் துணி தேய்க்கிற அக்கா, ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் எத்தனை நாளைக்குன்னு மட்டும் சொல்லிருங்க, கரி வாங்கி வைக்கணும்" என்றார். கதை தெரு வரைக்கும் பரவிப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா நேரிலேயே வந்துவிட்டார். தீபாவளிக்கு மகள் வீட்டுக்குச் செய்யும் சீரைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தாராம். கையில் துணிப்பை, பைக்குள் சாத்தூர் காராச்சேவு, பாலித்தீனில் சுற்றிய புடவை. தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பெரிய மாமா செல்போனைச் செருப்பு அலமாரிமேல் வைத்துக்கொண்டிருந்தார்.

கணவரைத் தேடினேன். அவர் அறைக் கதவில் சாய்ந்து, வேடிக்கை பார்க்கத் தயாராக நின்றார்.

இருவரும் கல்யாண வீடுகளில் கும்பிட்டுக்கொண்டதோடு சரி, உட்கார்ந்து பேசியவர்கள் கிடையாது. எதிரெதிர் நாற்காலி. நடுவில் காராச்சேவுத் தட்டு.

"வாங்க சம்மந்தி. ஒங்க பக்கம் மளை எப்பிடி?" என்று பெரிய மாமா ஆரம்பித்தார்.

"சீதேவியாப் பெய்யுது" என்று அப்பா சொல்லிவிட்டு, சொன்ன இடம் எது என்பது உறைத்ததும் குரலைத் தாழ்த்தினார். "ஒங்களுக்குச் செரமந்தான். தெரியும்."

"செரமம்னு சொல்லலை. ஒரு பத்து நாள். பத்து நாள் வெயில் குடுத்தீகன்னா நான் எல்லாத்தையும் காய வச்சு லோடு ஏத்தி விட்டுருவேன்."

வெயிலை அப்பா பைக்குள் வைத்திருப்பதைப் போலக் கேட்டார். அப்பாவும் அதை மறுக்கவில்லை. "பத்து நாளா? பயிரு சுண்டிரும் சம்மந்தி. இப்பத்தான் மூணு எலை விட்டுருக்கு. அஞ்சு நாள்னா தாங்கும்."

"அஞ்சு நாள்ல என்ன ஆகும்? ரெண்டு நாள் சரக்கு காய வைக்கிற மேடை காயவே போயிரும். எட்டு."

"எட்டு முடியாது."

இரண்டு பேரும் சேவை எடுத்துக் கொறித்துக்கொண்டு யோசித்தார்கள். அப்போது சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஏன், பொளுது சாஞ்ச பெறகு பெய்யட்டுமே. பகல்ல ஆளுக வேலை பாக்கட்டும், மத்த நேரம் பயிரு குடிக்கட்டும்."

பெரிய மாமா சேவைத் தட்டில் வைத்துவிட்டார். "எத்தனை மணிக்கு மேல?"

"ஒங்க கடைசி வேன் எப்பப் போகும்?" என்று அப்பா கேட்டார்.

"ஆறரை."

"அப்ப ஏளு மணிக்கு ஆரம்பிக்கட்டும்."

"விடிய அஞ்சு மணிக்கு நின்னுரணும். மேடை காயணும்ல."

"நிக்கட்டும். நமக்கு வேர் நனைஞ்சாப் போதும்."

"இடி கூடாது."

அப்பா இதற்கு மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தார். "இடி இடிச்சாத்தான் சம்மந்தி, வரப்புல காளான் மொளைக்கும்."

"காளான நான் கடையில வாங்கித் தாரேன்."

"சரி, இடி வேண்டாம்."

"அப்ப விருதுநகருக்கு?" என்று கணவர் கதவோரத்திலிருந்து கேட்டார்.

"அது அவுக பாடு" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். பெரிய மாமா கையால் காற்றில் எழுதுவதைப் போலக் காட்டி, "குறிச்சுக்கோம்மா" என்றார்.

லேபிள் தாளை எடுத்து, இரவு ஏழு முதல் விடிகாலை ஐந்து, இடி இல்லை, கார்த்திகை வரை என்று எழுதிக்கொண்டேன். கணவரின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு பெரிய மனிதர்களும் சிரிக்கவே இல்லை. புறப்படும்போதுதான், அப்பாவைத் தன் காரிலேயே பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவதாகச் சொன்ன பெரிய மாமா, படி இறங்கிக்கொண்டே அவரிடம் ஏதோ சொன்னார். இருவரும் குடைக்குள் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று இன்றுவரை இரண்டு பேரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மழை நின்றுவிட்டது.

பத்து மணிக்குப் பெரிய மாமா போனில் வந்தார். "ரொம்ப சந்தோசம்மா."

"மாமா, நான் இன்னும் ஒரு வரிகூட எழுதலை."

"எளுதாமலே நின்னுருச்சா? அப்ப எளுதாமலே இரு."

மூன்றாம் நாள் அப்பா போன் பண்ணினார். "எளுத ஆரம்பிச்சுட்டியா தாயி? வெயில் சுள்ளுங்குது."

ஆரம்பித்துவிட்டிருந்தேன். அவர்களுக்காக என்று சொன்னால் அது பொய். அந்தக் காராச்சேவுப் பேச்சுவார்த்தை என்னை விடவில்லை, அதுதான் காரணம். கதையில் மேகங்கள் எல்லாம் வேனில் வருகின்றன. சாயங்காலம் ஏழு மணிக்குக் காட்டில் இறக்கிவிட்டு, விடிகாலை ஐந்துக்குத் திரும்ப ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரே ஒரு குட்டி மேகம் மட்டும் ஐந்து மணிக்கு வேனில் ஏறாமல் ஊருக்குள் ஓடிப்போய், ஓர் அச்சகத்தின் தாள் கட்டுகளுக்கு நடுவில் ஒளிந்துகொள்கிறது. அந்த அச்சகத்தில் லேபிளெல்லாம் வளைந்து போகிறது. டிரைவர் தெருத்தெருவாகத் தேடுகிறார். நான்கு நாளில் எழுதி முடித்தேன், இத்தனை சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை.

அந்த வருடம் மழை அதன் இஷ்டத்துக்குத்தான் வந்தது, போனது. பட்டப்பகலிலும் பெய்தது, இடியும் இடித்தது. லோடு எல்லாம் ஒருவழியாகக் கடைசி நாட்களில் போய்ச் சேர்ந்தது. அப்பாவுக்கு உளுந்து நன்றாக வந்தது, சோளம் சுமார். யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. தீபாவளி முடிந்ததும் குடும்பக் குழுவில் என் மழையை எல்லாரும் மறந்துபோனார்கள். மேகக் கதை வெளியானபோது கும்பிடும் கைகள் மட்டுமே வந்தன.

பெரிய மாமா மட்டும் மறக்கவில்லை. இதழை விலைக்கு வாங்கி, கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் வந்தார்.

"வேன்ல எத்தனை மேகம் ஏத்துவ?" என்றார்.

"அதெல்லாம் யோசிக்கலை மாமா."

"யோசிக்கணும்மா. மின்னல் உள்ள மேகத்தையும் இல்லாத மேகத்தையும் ஒரே வேன்ல ஏத்தலாமா? தனித்தனியாப் போகணும். ஒரு வேனுக்கும் இன்னொரு வேனுக்கும் நடுவுல எடம் விடணும். அந்த டிரைவர் பாட்டுக்கு பீடி பத்த வைக்கான், நீயும் எளுதியிருக்க."

டிரைவர் பீடி பற்ற வைத்ததை ஆசிரியர் கவனிக்கவில்லை, ஒற்றுப்பிழைக்காரரும் கவனிக்கவில்லை. எனக்கு ஒரு வாசகர் கிடைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

அன்றிலிருந்து கதையை அனுப்புவதற்கு முன்னால் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். ஞாயிறு காலையில் வருவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். காதல், கண்ணீர், தத்துவம் எல்லாவற்றையும் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுவார். கப்பலோ கட்டடமோ வந்தால் கண் திறந்துவிடும். வேற்றுக்கிரகத்தில் நான் கட்டிய ஒரு நகரத்தில் தீயணைக்க மணல் வாளி எங்கே என்று கேட்டார். எந்திர மனிதர்கள் எரிபொருள் அறைக்குள் நுழைவதற்கு முன் செப்புத் தகட்டில் கை வைத்து, உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்க வேண்டும் என்று சொன்னார். தொழிற்சாலையில் அப்படித்தானாம். நான் அதைக் கதையில் சேர்த்தேன். வாசித்த ஒருவர், அந்த எந்திரங்கள் கதவருகே நின்று தகட்டைத் தொடும் இடம் சாமி கும்பிடுவதைப் போல இருந்தது என்று எழுதியிருந்தார்.

போன மாதம் ஒரு விண்கப்பல் கதை. பன்னிரண்டு பேர் போகிறார்கள், பாதி வழியில் தீப்பிடிக்கிறது, பன்னிரண்டு பேரும் இறந்துபோகிறார்கள். சோகமாக, அழகாக எழுதியிருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. வாசித்துக்கொண்டிருந்தேன். பெரிய மாமா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கப்பலுக்குக் கதவு எத்தனை?"

"ஒண்ணு மாமா."

"பன்னெண்டு பேருக்கு ஒரு கதவா? எங்க கம்பெனி ரூம்ல நாலு பேருக்கே கதவு எதிரெதிர இருக்கும்மா. வெளிப்பக்கமாத் தொறக்கணும்."

"மாமா, அது விண்வெளி. வெளிப்பக்கம் கதவைத் தொறந்தா உள்ள இருக்கிற காத்தெல்லாம் போயிரும்."

அவர் அதை நிஜமாகவே யோசித்தார். "அப்ப அங்கன கம்பெனி போடாத."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சின்ன வயசுல ஒருதரம், ரூமு பத்தி எரிஞ்சப்ப பாத்துருக்கேம்மா, அந்த ஒத்தக் கதவ" என்றார். அத்தை டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

அந்த வாரம் முழுக்கக் கதையைத் திரும்ப எழுதினேன். கப்பலின் வால் பக்கம் இன்னொரு கதவு வைத்து, அதற்கு அப்பால் ஒரு சின்ன மீட்புக் கலத்தையும் வைத்தேன். வைத்ததும் கதை என் கையிலிருந்து நழுவி வேறு பக்கம் போனது. யார் எந்தக் கதவுக்கு ஓடினார்கள், யார் யாரைத் தள்ளிவிட்டார்கள், யார் திரும்பிப் போனார்கள் என்று எழுதிக்கொண்டே போனதில், ஏழு பேர் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள். அதை எழுதிய காலையில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்றே தெரியாது, அத்தைதான் இறக்கி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமாவுக்கு வாசித்தேன். கடைசிவரை குறுக்கே பேசவில்லை. தாளை மடித்து வைத்தேன்.

"மத்த அஞ்சு பேரு?" என்றார்.

"வர முடியலை மாமா. எப்படிப் பாத்தாலும் முடியலை."

தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். "அடுத்த கப்பலுக்கு மூணு கதவு வை" என்றார்.

சரி என்றேன். அத்தை சாப்பிடக் கூப்பிட்டார். அன்றைக்குக் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் அப்பளமும். பெரிய மாமா இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.